ஒரு சம்பளம், இரண்டு வீடு, நாலைந்து கடன்: பிரியும்போது எதை முதலில் கட்டுவது?

பிரிவது என்று முடிவாகிவிட்டது. சம்பளம் வருவது ஒருவருக்குத்தான். கடனோ வீட்டுக் கடன், நகைக்கடன், கிரெடிட் கார்டு, சீட்டு, கைமாற்று என்று வரிசை கட்டி நிற்கிறது. இந்த நிலையில் எல்லோரும் முதலில் ஓடுவது வக்கீலிடம். ஓட வேண்டியதுதான். ஆனால் வக்கீல் பார்ப்பது வழக்கை; மாதம் 5-ஆம் தேதி கணக்கில் பணம் இருக்கிறதா என்று அவர் பார்க்க மாட்டார். அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காக.

தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கணவருக்கு வருமானம், மனைவிக்கு இல்லை என்பதே இங்கே அதிகம் என்பதால் பேச்சு அப்படியே போகும். மனைவி சம்பாதித்துக் கணவர் வருமானமில்லாமல் இருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே மாறுவதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள் மனதில் இருக்கட்டும்.

நீங்கள் பிரிந்தது வங்கிக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்ட கடனை இருவரில் யாரிடமிருந்தும் முழுதாக வசூலிக்க அதற்கு உரிமை உண்டு. "வீட்டுக் கடனைக் கணவரே கட்டுவார்" என்று விவாகரத்து மனுவில் எழுதிக்கொண்டாலும் அது உங்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. அந்த மனுவில் வங்கி கையெழுத்துப் போடவில்லை. கணவர் மூன்று தவணை தவறினால் மனைவியின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும்.

இரண்டாவது, நீதிமன்றத்துக்கு உங்கள் தவணைகள் இரண்டாம் பட்சம். சம்பளத்தில் வருமான வரியும் கட்டாய வருங்கால வைப்பு நிதியும் கழிந்ததை ஒப்புக்கொள்வார்கள். நீங்களாக எடுத்த தனிநபர் கடனின் தவணையைக் காட்டி "கையில் ஒன்றும் நிற்பதில்லை" என்றால் பெரும்பாலும் எடுபடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் பாருங்கள். சாதாரணக் கடனுக்கான தீர்ப்பில் சம்பளத்தை ஜப்தி செய்தால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கு விடப்படும். ஜீவனாம்சத் தீர்ப்பில் ஜப்தி செய்தால் விடப்படுவது மூன்றில் ஒரு பங்குதான். கடன் கொடுத்தவர்களின் உரிமையைவிட மனைவி, பிள்ளைகளின் ஜீவனாம்ச உரிமையே முந்தியது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆக, வரிசை இதுதான்: முதலில் ஜீவனாம்சம், அடுத்து இருவர் கையெழுத்தும் உள்ள கடன், அப்புறம் வட்டி அதிகமான கடன், மற்றவை கடைசியில். கோபத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கிரெடிட் கார்டை அடைப்பார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இல் பொருளாதார ரீதியான கொடுமையும் வன்முறைதான். செலவுக்குப் பணம் தராமல் நிறுத்துவது அதில் அடங்கும்.

காகிதங்களைச் சேர்ப்பது

யாருக்கு எவ்வளவு கடன் என்று உங்களுக்கே முழுதாகத் தெரியாது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். இருவரும் அவரவர் அறிக்கையை எடுங்கள். மறந்துபோன மொபைல் தவணைக் கடனும், யாருக்கோ ஜாமீன் போட்ட கையெழுத்தும் அதில்தான் வெளிவரும். தவறான பதிவு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

சீட்டு, கைமாற்று, கந்துவட்டி, நகை அடகுக் கடை எல்லாம் அந்த அறிக்கையில் வராது. அவற்றைத் தனி நோட்டில் எழுதுங்கள். எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கேள்விக்குப் பதில் போடுங்கள்: யார் கையெழுத்து? பணம் எதற்குப் போனது? ஈடாக என்ன இருக்கிறது? இரண்டாம் கேள்வியைத் தவிர்க்கவே எல்லோருக்கும் ஆசை. ஆனால் பின்னால் சண்டை வருவது அதில்தான்.

இந்த நோட்டு வீணாகாது. ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் பொய் சொன்னால் அதற்கே தனியாக வழக்கு வரும். திடீரென்று அம்மா பெயருக்கு வீட்டை எழுதி வைப்பது, வேலையை விட்டுவிட்டதாகக் காட்டுவது, தம்பியிடம் பத்து லட்சம் கடன் வாங்கியதாகப் புரோநோட்டு தயாரிப்பது எல்லாவற்றையும் குடும்ப நல நீதிமன்றம் நிறையப் பார்த்துவிட்டது.

ஓட்டையை அடைப்பது

பழைய கடனை அடைக்கும் முன் புதுக் கடன் வரும் வழிகளை மூட வேண்டும். உங்கள் கார்டில் துணைக்குக் கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தால் அதில் தேய்ப்பது எல்லாம் உங்கள் பாக்கி. அதை நிறுத்தலாம். ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவர் கணக்கில் அந்த மாதச் செலவுக்குப் பணம் போட்டுவிட்டு நிறுத்துங்கள். குழந்தைக்கு மருந்து வாங்க நின்ற இடத்தில் கார்டு வேலை செய்யவில்லை என்ற செய்தி, பேசித் தீர வேண்டிய விஷயத்தைப் போலீஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும்.

கூட்டுக் கணக்கு இருந்தால் அதை வழித்தெடுக்காதீர்கள். சம்பளத்துக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். ஆனால் பழைய கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணைகளைப் புதுக் கணக்குக்கு மாற்றி உறுதியாகும்வரை பழையதில் பணம் இருக்க வேண்டும். யு.பி.ஐ. ஆட்டோபேயில் என்னென்ன ஓடுகிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று: மனைவியின் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் பதிவாகியிருப்பது கணவரின் மொபைல் எண்தான். பிரிந்தபிறகு அவருக்கு ஓ.டி.பி. வேண்டுமென்றால் உங்களைக் கேட்க வேண்டும். அவருக்கும் அவமானம், உங்களுக்கும் தொல்லை. பிரியும் முன்பே அவர் பெயரில் எண் வாங்கி, அவருடைய கணக்கில் அதைப் பதிந்துவிடுவது இருவருக்கும் நல்லது.

கணக்குப் போடுவோம்

இப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் 65,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 21,000. தனிநபர் கடன் தவணை 9,500. இன்னும் எடுக்காத ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு மாதம் 5,000, பாக்கி பத்து மாதம். கணவர் வெளியே தங்க வாடகை 9,000. மனைவிக்கும் மகளுக்கும் மாதம் 15,000. அவர்கள் இருப்பது கடனில் உள்ள அதே வீட்டில். கூட்டினால் 59,500. மீதி 5,500.

கிரெடிட் கார்டில் 1,40,000 பாக்கி நிற்கிறது. மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 4,900. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 882. மொத்தம் 5,782. கையில் இருப்பதோ 5,500. கணவர் இன்னும் சாப்பிடவில்லை, பெட்ரோல் போடவில்லை, இரண்டு லட்ச ரூபாய் நகைக்கடனுக்கு வட்டியும் எடுத்து வைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஆட்கள் மொபைல் ஆப்பில் ஐம்பதாயிரம் வாங்குகிறார்கள். அந்த மாதம் தாண்டும், அடுத்த மாதம் தாண்டாது.

முதலில் கார்டைப் பிடியுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் அசல் அசையாது. அதே 1,40,000-ஐ 16 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தவணைக் கடனாக மாற்றினால் மாதம் ஏறத்தாழ 4,920 வரும். இதுவரை வெறும் வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தைவிடக் குறைவு. மூன்றாம் ஆண்டு முடிவில் அசலும் முடிந்திருக்கும். கார்டு கொடுத்த வங்கியே இப்படி மாற்றித் தரும். தராவிட்டால் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் கேளுங்கள். மாற்றிய பிறகு அந்தக் கார்டை முடிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் வங்கி உங்களுக்கு நாளுக்கு 500 ரூபாய் அபராதம் தர வேண்டும்.

சீட்டை எடுத்துவிடலாம். ஏலத்தில் 85,000 கிடைத்தால் அதைக் கார்டில் போட்டு, மீதி 55,000-ஐ இரண்டு ஆண்டுத் தவணையாக்கினால் மாதம் 2,700-க்குள் முடிகிறது. ஆனால் எடுத்த சீட்டுக்குப் பாக்கிப் பத்து மாதமும் தவறாமல் கட்ட வேண்டும். ஜாமீன் போட்டவர் மச்சினனாக இருந்தால் இன்னும் கவனம்.

இவ்வளவு செய்தும் கூட்டிப் பாருங்கள்: 62,200. மீதி 2,800. சாப்பாட்டுக்குப் போதாது. அப்படியென்றால் இந்த வீட்டின் பிரச்சினை கார்டும் இல்லை, சீட்டும் இல்லை. அந்த 21,000 ரூபாய்த் தவணைதான். ஒரு சம்பளம் ஒரு வீட்டைத் தாங்கும் கணக்கில் வாங்கிய கடன், இரண்டு குடித்தனத்தைத் தாங்காது. டீச் செலவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று ஆலோசனை சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வீட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா

மேலே சொன்ன வீட்டுக்கு இன்று 42 லட்சம் விலை போகும், கடன் பாக்கி 23 லட்சம் என்று வையுங்கள். விற்றால் கையில் 19 லட்சம். தனிநபர் கடன் 3 லட்சம், நகைக்கடன் 2 லட்சம், கார்டு 1.40 லட்சம் அடைத்தால் 12.60 லட்சம் மிஞ்சும். தரகும் வரியும் தனி. மூலதன ஆதாய வரியை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் பேச்சை முடியுங்கள். அதன்பின் மாதக் கணக்கு: சீட்டு 5,000, கணவர் வாடகை 9,000, மனைவிக்கு 15,000, அவர்கள் இருக்க வாடகை 9,000. மொத்தம் 38,000. மீதி 27,000. மிஞ்சிய 12.60 லட்சத்தில் ஒரு பகுதி மனைவியின் பெயரில் வைப்பாகவோ மொத்த ஜீவனாம்சமாகவோ போகலாம்.

சொந்த வீட்டை விற்பது என்றால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எழுந்து நின்றுவிடுவார்கள். என் கருத்து இதுதான்: ஒற்றைச் சம்பளத்தில், கடன் பாதிக்குமேல் நிற்கும் வீட்டை விற்பதே பெரும்பாலோருக்கு நல்லது. மகளின் பள்ளி பக்கத்தில் என்பது போன்ற உறுதியான காரணம் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அங்கேயே இருப்பதானால், அந்தத் தவணையும் அவர்கள் குடியிருப்புக்காகத்தான் என்று நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லலாம். ஏற்பது நீதிபதியின் கையில். கேட்காமல் விற்றுவிட மட்டும் நினைக்காதீர்கள். வீடு கணவர் பெயரில் இருந்தாலும், குடித்தனம் நடந்த வீட்டில் மனைவிக்குத் தங்கும் உரிமை உண்டு. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீட்டுக்கும் அது பொருந்தும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் கடனிலிருந்து ஒருவர் பெயரை நீக்க வேண்டும். வங்கிக்குப் போய் "நாங்கள் பிரிந்துவிட்டோம், மனைவி பெயரை எடுத்துவிடுங்கள்" என்றால் எடுக்க மாட்டார்கள். கடன் வாங்கும்போது செய்த பரிசோதனையை மறுபடி செய்வார்கள்: ஒருவர் வருமானத்துக்கு இவ்வளவு கடன் தாங்குமா? தாங்கினால் புது ஒப்பந்தம். தாங்காவிட்டால் வேறு வங்கிக்கு மாற்றிப் பாருங்கள். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பதால் அந்தச் செலவு இல்லை.

பத்திரத்திலும் இருவர் பெயர் இருந்தால் ஒருவர் மற்றவருக்கு விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) தான செட்டில்மென்ட்டோ (விலை வாங்காமல் எழுதிக் கொடுப்பது) எழுத வேண்டும். இதில் நேரம் முக்கியம். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்பனைப் பத்திரம் என்றால் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் குடும்ப உறுப்பினர் இல்லை. 42 லட்சத்தில் பாதிப் பங்குக்கு இந்த வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். ஆகவே தீர்ப்புக்கு முன் எழுதுவது லாபம். ஆனால் எழுதிக் கொடுத்தபின் எதிர்த்தரப்பு சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டால்? இருவரும் சேர்ந்து போடும் பரஸ்பர சம்மத மனுவில் மனுத் தாக்கல் முதல் கட்டம், பிறகு நீதிபதி முன் மறுபடி சம்மதம் சொல்வது இரண்டாம் கட்டம்; அதுவரை பின்வாங்க இடமுண்டு. அதனால் எந்தத் தேதியில் யார் எதைச் செய்வது என்பதை மனுவிலேயே எழுதி, பத்திரப்பதிவை இரண்டாம் கட்ட விசாரணைக்கு ஒட்டி வையுங்கள். வக்கீல் இல்லாமல் இந்த ஒன்றைச் செய்யாதீர்கள்.

நகை

நகைக்கடன் சிறியதுதானே என்று தள்ளிவைப்பார்கள். பிரிவில் அதிகம் வெடிப்பது இதுதான். மனைவியின் நகையைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்திருப்பார். வங்கி, வைத்தவர் கையில்தான் நகையைத் திருப்பிக் கொடுக்கும். மனைவியே பணத்தோடு போனாலும் கொடுக்காது.

அந்த நகை யாருடையது என்பதில் சட்டத்துக்குச் சந்தேகம் இல்லை. கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் பெண்ணுக்குக் கிடைத்தது சீதனம், முழுக்க அவருடையது. 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி சொன்னது. மனைவியின் 89 பவுனுக்கு ஈடாக 25 லட்சம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அவசரத்துக்குக் கணவர் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருடையது.

இதற்கு என்ன செய்யலாம்? எட்டுப் பவுனை ஒரே கடனாக இரண்டு லட்சத்துக்கு வைத்திருந்தால், இரண்டு லட்சமும் சேரும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. ஆண்டுக் கெடு முடிந்து மாற்றி வைக்கும்போது அதையே மூன்று கடனாகப் பிரித்து வைக்கக் கேளுங்கள்: சங்கிலி ஒன்றில், வளையல் ஒன்றில், மற்றவை ஒன்றில். பிறகு கையில் சேரும்போது ஒவ்வொன்றாகத் திருப்பலாம். திருப்பியதை எடை, உருப்படி எழுதி, தேதி போட்டு, இருதரப்பிலும் ஒருவர் சாட்சிக் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். அடகுச் சீட்டின் நகலை மனைவியிடம் முதலிலேயே கொடுத்துவிடுவது பாதிச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

வட்டியைக்கூடக் கட்டாமல் விட்டு நகை மூழ்கிப்போனால் கதை வேறு. ஏலத்தில் போனது அன்றைய விலைக்கு. நீங்கள் ஈடுகட்ட வேண்டியதோ நாளைய தங்க விலைக்கு. எந்தக் கடனைத் தள்ளிவைத்தாலும் நகை வட்டியைத் தள்ளாதீர்கள்.

அவர் பெயரில் உள்ள கடன்கள்

வருமானமே இல்லாத மனைவியின் பெயரில் எப்படிக் கடன் என்று கேட்காதீர்கள். மகளிர் குழுக் கடனும் நுண்கடன் நிறுவனங்களின் வாரக் கடனும் பெண்கள் பெயரில்தான் வருகின்றன. வாங்கியது மனைவி, போனது கணவரின் வண்டிக்கோ கடைக்கோ. மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டால், தவணை நாளில் குழுப் பெண்கள் அங்கே போய் நிற்பார்கள்.

உங்கள் செலவுக்குப் போன பணம் என்றால் நீங்கள் கட்டுங்கள். அவர் கணக்கு வழியாக, ஜீவனாம்சத்திலிருந்து தனியாக. ஜீவனாம்சத்தில் இதைக் கழிக்காதீர்கள். அவர் பெயரில் தவணை தவறினால் நாளை தையல் மெஷினுக்கோ சின்னக் கடைக்கோ அவருக்குக் கடன் கிடைக்காது. அவர் சொந்தக் காலில் நிற்பது எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு காலம் உங்கள் தலையிலும் சுமை.

மனைவி சம்பாதிக்கும் வீடுகளில் இது திரும்பி நிற்கும். கணவர் தொழிலுக்காக மனைவி தன் சம்பளத்தைக் காட்டித் தனிநபர் கடன் வாங்கியிருப்பார். வங்கிக்கு அவர் ஒருவர்தான் பொறுப்பு. பணம் வந்த அன்றே கணவர் கணக்குக்கோ சரக்குக் கொடுத்தவருக்கோ போயிருந்தால் அந்த வங்கி அறிக்கையை அச்செடுத்து வையுங்கள். பேச்சுவார்த்தையில் அதற்கு மதிப்பு உண்டு. வருமானமில்லாத கணவரும் ஜீவனாம்சம் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகள் இருவருக்கும் பொது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125) மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மட்டுமே கேட்க முடியும், கணவருக்கு இடமில்லை.

கைமாற்று பற்றி ஒரே வார்த்தை: எழுதுங்கள். மாமனார் வீடு வாங்கும்போது கொடுத்த மூன்று லட்சம் கடனா, சீரா? இன்றைக்கு இருவருக்கும் ஒரே பதில் இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் இரண்டு பதில் வரும்.

ஜீவனாம்சம்: எவ்வளவு, எப்படி

இவ்வளவுதான் என்று சட்டத்தில் அளவு இல்லை. 2017-இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் அளவுகோலாகப் பேசுகிறார்கள். பிள்ளைகள், படிப்பு, நோய், துணையின் வேலைத் தகுதி எல்லாம் பார்த்து அது ஏறும், இறங்கும்.

உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு தொகையை ஆரம்பியுங்கள். பொதுவாக ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். எட்டு மாதம் ஒன்றும் தராமல் இருந்து, உத்தரவு வந்த அன்று எட்டு மாதப் பாக்கியை ஒன்றாகக் கட்டச் சொன்னால் அதற்கும் கடன்தான் வாங்குவீர்கள். பணமாகக் கையில் கொடுக்காதீர்கள், மைத்துனர் மூலம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், அவர் கணக்குக்கு, குறிப்பில் "குடும்பச் செலவு, ஜூன்" என்று போட்டு அனுப்புங்கள். கூடவே ஒரு செய்தி:

"இந்த மாதம் 15,000 போட்டுவிட்டேன். பாப்பா ஸ்கூல் ஃபீஸ் 8,500 நேரே ஸ்கூலில் கட்டிவிட்டேன், ரசீது அனுப்பியிருக்கிறேன். நகை வட்டியும் கட்டியாச்சு."

அவ்வளவு போதும். பழைய சண்டை அதில் வேண்டாம். நாளை அது நீதிமன்றத்தில் காட்டப்படும் காகிதம்.

வேலை போய்விட்டது, சம்பளம் குறைந்துவிட்டது என்றால் நீங்களாகக் குறைக்காதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு உத்தரவு என்றால் 146-ஆம் பிரிவின் கீழ் தொகையை மாற்றக் கேட்டு மனுப் போடுங்கள். 144-ஆம் பிரிவு உத்தரவில் ஒவ்வொரு மாதத் தவறுக்கும் ஒரு மாதம்வரை சிறை வரலாம். சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

மொத்தமாகக் கொடுத்து முடிக்கலாமா? சொத்து விற்ற பணம் இருந்தால் நல்ல வழி. முதல் கட்டத்தில் ஒரு பகுதி, இரண்டாம் கட்டத்தில் நீதிபதி முன் டி.டி.யாக மீதி என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். மொத்தத் தொகைக்குப் பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதே நடைமுறை. மாதாமாதம் வருவது அவருடைய வருமானமாகப் பார்க்கப்படும். கொடுப்பவருக்கு இரண்டிலும் வரிச்சலுகை இல்லை. ஆனால் மொத்தத் தொகை கொடுக்கவே 14 சதவீதத்தில் தனிநபர் கடன் வாங்குகிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். மாத ஏற்பாட்டிலேயே இருங்கள்.

"இனி எனக்கு எதுவும் வேண்டாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்தப் பத்திரத்தால் விவாகரத்தும் ஆகாது, ஜீவனாம்ச உரிமையும் போகாது.

இதைப் படிப்பவர் வருமானம் இல்லாத பக்கத்தில் இருந்தால்: பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து நோட்டுப் போட்டுப் பேசும் யோசனையை விட்டுவிடுங்கள்; 181-ஐ அழையுங்கள். வேலைக்காக வேறு ஊர் போவதானால் அரசின் தோழி விடுதிகளைப் பாருங்கள். கையெழுத்துக் கேட்டு எந்தக் கடன் காகிதம் வந்தாலும் இப்போது போடாதீர்கள்.

வசூலுக்கு வருபவர்கள்

ஓரிரு தவணை தவறுவது இந்தக் காலத்தில் நடக்கும். தவறும் முன் வங்கிக்கு எழுதுங்கள்; காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, உறவினரை மிரட்டக் கூடாது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேன். விவரம் 14448-இல் கிடைக்கும். தனியார் வட்டிக்காரர் என்றால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

"பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடுகிறோம்" என்று அழைப்பு வரும். கேட்க இனிக்கும். அப்படி முடித்த கடன் உங்கள் அறிக்கையில் முழுதாக அடைத்ததாக வராது, பேசித் தீர்த்ததாகவே பதிவாகிப் பல ஆண்டுகள் நிற்கும். இருவர் பெயரில் உள்ள கடன் என்றால் அந்தக் கறை இருவருக்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் எழுத்தில் கடிதம் வாங்கிய பிறகு.

கடன் முடிந்ததும் வாங்க வேண்டியவை

ஒவ்வொரு கடனும் முடிந்த அன்றே பாக்கி இல்லைச் சான்று வாங்குங்கள். வீட்டுக் கடனில் அசல் பத்திரங்களை 30 நாளில் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால் அதை ரத்து செய்யும் ரசீதையும் அங்கேயே பதிய வேண்டும். பதிந்தபின் வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நியமனதாரர் யார் என்று பாருங்கள். 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி பெயருக்கு எடுத்த ஆயுள் காப்பீட்டை மாற்ற முடியாது. கடன்காரர்களும் அதைத் தொட முடியாது. குடும்ப மருத்துவக் காப்பீட்டில் இருந்து விவாகரத்துக்குப் பின் துணையின் பெயர் போய்விடும் என்பதால், அவருக்குத் தனிப் பாலிசி எடுக்கும் செலவைப் பேச்சுவார்த்தையிலேயே சேருங்கள்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் மறுபடி கடன் அறிக்கை எடுங்கள். கூட்டுக் கடன் ஒவ்வொன்றும் முடிந்ததாகவோ, ஒருவர் பெயருக்கு மாறியதாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் பாக்கி இல்லைச் சான்றின் நகலோடு வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் புகார் அனுப்புங்கள்.